படிக்காமலே ஒரு தீர்ப்பு

“நீர் ஒரு நாவலாசிரியர். நீர் போய் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார்.

அவர் விமர்சகர். ருஷ்ய, பிரெஞ்சு ஆசிரியர்களின் பெயர்களைச் சொந்தக்காரர்கள் பெயரைப்போல் சொல்லக்கூடியவர். அன்று மாலை என் வீட்டுக் கூடத்தில் கொரிய நாட்டுத் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் வேலையை முடித்துவிட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த குற்றம்.

“ஒரு நாவலிலிருந்து எடுத்த கதை ஓய் இது” என்றேன்.

“நாவலாவது! பெண்பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்கிற சமாசாரம். இதை எழுதினவனுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“எழுதினவன் இல்லை. எழுதியவர் ஒரு பெண் என்று சொல்கிறார்கள்.”

“சரிதான், சந்தேகம் தீர்ந்துவிட்டது” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நண்பர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய சொந்தச் சிரிப்பு அல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன்னால் கொரிய நாட்டு அரண்மனையிலேயே சிரித்து முடித்த சிரிப்பு அது. பழைய சிரிப்பைப் புதிய அறிவென்று யாராவது காட்டினால் எனக்குப் பொறுப்பதில்லை.

அந்த நாவலாசிரியரின் பெயர் ஜொங் உன்-க்வோல். அது புனைபெயர். அவர் தம் முகத்தை வாசகர்களுக்குக் காட்டிக்கொள்வதில்லை. 2005-இல் அவருடைய ‘சூரியனை அணைத்த நிலவு’ வெளிவந்தது. 2007-இல் ‘சுங்க்யூன்க்வான் மாணவர்களின் நாட்கள்’ வந்தது. அதன் தொடர்ச்சி 2009-இல். 2016-இல் ஓர் ஓவியப் பெண்ணின் கதையான ‘ஹொங் சொன்-கி’. மாணவர்கள் கதையை 2010-இல் கேபிஎஸ் நிறுவனம் தொலைக்காட்சித் தொடராக்கியது. நிலவின் கதையை 2012-இல் எம்பிசி எடுத்தது. ஓவியக்காரியின் கதை 2021-இல் எஸ்பிஎஸ்-ஸில் வந்தது. 2012 மார்ச்சில் நிலவின் கதை முடிந்த இரவில் அதன் பார்வையாளர் விகிதம் 42.2 சதவிகிதம் என்று கணக்கெடுத்தார்கள். ஒரு தேசமே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது என்று அர்த்தம். அந்த இரவிலும் அதன் மூல ஆசிரியர் வெளியே வந்து மாலை வாங்கிக்கொள்ளவில்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் நம்முடைய போட்டோக்களை நினைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் ஒன்று இருக்கிறது. விளம்பரத்துக்கு ஆசைப்படுகிற வியாபாரி என்று இவரை ஏசுகிறவர்கள் முதலில் அந்தப் போட்டோக்களுக்குப் பதில் சொல்லட்டும்.

போகட்டும். குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் குற்றம்: இது பெண்கள் படிக்கிற சரக்கு.

கொரிய மொழிக்கென்று தனி எழுத்தை ஸேஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். பண்டிதர்கள் அதைத் தொடவில்லை. அவர்களுக்குச் சீன எழுத்துத்தான் எழுத்து. தாய்மொழியின் எழுத்தைப் பாமர எழுத்தென்றும், பெண்களின் எழுத்தென்றும் ஒதுக்கிவைத்தார்கள். ஒதுக்கப்பட்ட பெண்கள் என்ன செய்தார்கள்? அந்த எழுத்தில் கதை படித்தார்கள். கதைகளைக் கையால் பிரதி எடுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தலைநகரில் கதைப் புத்தகங்களை வாடகைக்கு விடும் கடைகள் தோன்றிவிட்டன. நம் ஊரில் காலணா வாடகைக்கு நாவல் கொடுத்த லெண்டிங் லைப்ரரியின் மூதாதை அது.

உடனே பெரிய மனிதர்களுக்கு வயிற்றெரிச்சல் உண்டாயிற்று. சே ஜே-கோங் என்பவர் பின்னாளில் முதலமைச்சராகவே உயர்ந்தவர். காலமான தம் மனைவி கையால் பிரதி எடுத்து வைத்திருந்த நீதிநூல் ஒன்றுக்கு அவர் முன்னுரை எழுதினார். அதில், ஊர்ப் பெண்கள் கொண்டை ஊசியையும் வளையலையும் விற்றும் கடன் வாங்கியும் கதைப் புத்தகம் வாடகைக்கு எடுக்கிறார்களே என்று நொந்துகொண்டார். யி தோக்-மு என்ற அறிஞர் 1775-இல் எழுதிய ஒழுக்க நூலில், பெண்கள் வீட்டு வேலையைப் போட்டுவிட்டுக் கதை படித்துச் சொத்தைக் கரைக்கிறார்கள் என்று கண்டித்தார். என் நண்பர் சொன்னது இதைத்தானே? ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெரியவர்களுக்கு அது புதிய கோபம். இவருக்கு அது தேய்ந்துபோன வாடிக்கை.

எனக்கோ அந்தக் கண்டனத்தைப் படிக்கும்போது வேறு எண்ணம் வருகிறது. வளையலை விற்றுப் புத்தகம் வாங்கிப் படித்தவள் எப்பேர்ப்பட்ட வாசகி! எந்தப் பண்டிதர் தம் தலைப்பாகையை விற்றுக் கவிதை படித்தார்? எழுத்தாளனாகிய நான் யாருடைய கட்சியில் சேரவேண்டும்? முன்னுரை எழுதிய மந்திரி கட்சியிலா, வளையல் விற்றவள் கட்சியிலா?

இன்னொன்றும் சொல்கிறேன். 1773-இல் அரண்மனைப் பெண்கள் சிலர் கூடி உட்கார்ந்து ஒரு நீண்ட நாவலைப் பத்துத் தொகுதிகளாகக் கையால் எழுதிப் பிரதி எடுத்தார்கள். அவர்களில் இருவர் அப்போதைய இளவரசரின் சகோதரிகள். இன்னொருத்தி ஸொங் என்ற பணிப்பெண். அந்த இளவரசர்தான் 1776-இல் பட்டத்துக்கு வந்த ஜொங்ஜோ மன்னர். அந்த ஸொங்கைத்தான் அவர் பின்னால் மனம் விரும்பி மணந்தார். ஜொங்ஜோவுக்கு நாவல் என்றாலே பிடிக்காது. அவர் நேசித்த பெண்ணின் விரல்களில் ஒரு நாவலின் மை இருந்தது! இந்த இருவரின் கதையைக் காங் மி-காங் என்ற நாவலாசிரியர் 2017-இல் எழுதினார். 2021-இல் அதுவும் தொலைக்காட்சிக்கு வந்து ஜனங்களை அழ வைத்தது. நாவலை வெறுத்த ராஜாவை நாவல் விடவில்லை.

இரண்டாவது குற்றம்: இதெல்லாம் பொய்.

என் நண்பர் சரித்திரமும் படித்தவர். “சுங்க்யூன்க்வான் என்பது ஜோசோன் அரசின் தலைமைக் கல்விச்சாலை. 1398-இல் தலைநகரில் நிறுவப்பட்டது. அதன் வாசலைப் பெண் எப்படி மிதிப்பாள்? ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஒருத்தி அங்கே படித்தாளாம், உடன் படித்த பையனைக் காதலித்தாளாம்! இதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?” என்று கேட்டார்.

ஆதாரம் இல்லை. இருக்கவும் முடியாது. அதற்காகத்தான் ஐயா நாவல் எழுதவேண்டியிருக்கிறது! அவள் அங்கே படித்திருந்தால் சரித்திரம் எழுதினால் போதும். அனுமதிக்கப்படாத வாசலுக்குள் ஒருத்தியை அனுப்பிப் பார்ப்பது கதையின் வேலை.

கதையைப் பாருங்கள். தகப்பனார் இல்லாத ஏழைக் குடும்பம். தம்பி நோயாளி. பெண்ணுக்குப் படிப்பு இருக்கிறது. படித்தவள் என்று சொல்லிக்கொள்ளப் பெயர் இல்லை. தம்பியின் பெயரை எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போகிறாள், கல்விச்சாலைக்குள் மாட்டிக்கொள்கிறாள். தொலைக்காட்சியில் அவள் புத்தகங்களைப் பிரதி எடுத்துக் கூலி வாங்குகிறாள். அரசியல் கட்சிகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருந்த பிரபுக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே அறையில் அவளோடு படுத்து எழுந்து சண்டையிட்டுச் சிநேகமாகிறார்கள். தந்தைமார் செய்ய முடியாததைப் பிள்ளைகள் செய்கிறார்கள். இதைக் காதல் கதை என்று மட்டும் சொல்கிறவர் கதையின் பாதியை வாசலில் விட்டுவிட்டுப் போகிறவர்.

இந்த ஆசிரியரின் மூன்று கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒருத்தி மாணவனாகிறாள். ஒருத்தி பெரிய வீட்டில் பிறந்து, செத்தவளாகப் புதைக்கப்பட்டு, குலமும் பெயரும் இழந்த பூசாரிச்சியாக அரசன் முன் வந்து நிற்கிறாள். ஒருத்தி ஓவியக்காரி. மூவரும் தம் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் நின்று பிழைக்கிறவர்கள். ஹொங் சொன்-கி என்ற பெயர் மட்டும் கற்பனை அல்ல. பழைய கொரியக் குறிப்பு நூலொன்றில் அவள் பெண் ஓவியர், பேரழகி என்று ஒரு வரி கிடக்கிறது. சரித்திரம் அவளுக்குக் கொடுத்தது அந்த ஒரு வரி. அதிலும் பாதி அவள் அழகைப் பற்றி. மிச்சத்தை நாவலாசிரியர் எழுதினார். இதில் யார் செய்தது அநியாயம்?

சுங்க்யூன்க்வானில் நிஜமாகவே படித்த ஒரு மாணவனின் கதையை இப்போது சொல்கிறேன். இதற்கு ஆதாரம் உண்டு.

அவன் பெயர் யி ஓக். 1760-இல் பிறந்தவன். 1792-இல் அவன் எழுதிய விடைத்தாள் ஜொங்ஜோ மன்னரின் கண்ணில் பட்டது. நடை பிடிக்கவில்லை. கதைக்காரர்களின் நடை, சின்னச் சின்ன விஷயங்களைப் பேசும் நடை என்று மன்னருக்குக் கோபம் வந்தது. பழைய இலக்கண முறைப்படி ஐம்பது உருப்படி எழுதி, நடை திருந்திவிட்டது என்று காட்டிய பிறகே அரசுத் தேர்வுக்கு உட்காரலாம் என்று கட்டளையிட்டார். அவன் திருந்தவில்லை. 1795-இல் அவன் பெயரைப் படைப் பட்டியலில் சேர்த்து வெளியூருக்கு அனுப்பினார்கள். எழுத்து நடைக்காக ஒருவனைச் சிப்பாயாக்கிய அரசு அது. கடைசி வரைக்கும் அவனுக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை. என்ன எழுதினான் தெரியுமா? சந்தையை எழுதினான், பூச்சிகளை எழுதினான், பெண்களின் குரலில் அவர்களுடைய இன்பத்தையும் குடும்பத் துயரத்தையும் பாட்டாக எழுதினான். அவனுடைய நண்பன் கிம் ர்யோ அவற்றைத் தொகுத்து வைத்ததால் இன்று நமக்கு அவன் பெயர் தெரிகிறது.

அதே 1792-இல், நடை கெட்டதற்கு மூல காரணம் பாக் ஜி-வோனின் ‘ஜெஹோல் நாட்குறிப்பு’தான் என்று மன்னர் பழி போட்டார். இன்று கொரிய உரைநடையின் சிகரங்களில் அதுவும் ஒன்று. ஜொங்ஜோ கொடுங்கோலர் அல்ல. அறிவாளி, நூலகம் கட்டியவர், நல்ல அரசர் என்றே பெயரெடுத்தவர். அறிவாளிகள் தவறு செய்யும்போதுதான் எழுத்தாளனுக்கு ஆபத்து அதிகம்.

இப்போது என் நண்பரைக் கேட்கிறேன். 1792-இல் நீர் அந்தச் சபையில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்? யி ஓக்கின் பக்கம் என்று இன்று சொல்லுவீர், ஏனென்றால் அவன் செத்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் உம்முடைய சிரிப்பு அன்றைக்கு மன்னரின் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும்.

மூன்றாவது குற்றம்: தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது, ஆகவே இது மட்டம்.

இது வாதமே அல்ல. பாக் க்யோங்-னி என்ற மேதை 1969-இல் தொடங்கி 1994 வரை இருபத்தைந்து வருஷம் எழுதிய ‘நிலம்’ என்ற மகா நாவலைக் கொரிய இலக்கியத்தின் தூண் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதைத் தொலைக்காட்சி மூன்று முறை எடுத்திருக்கிறது: 1979, 1987, 2004. அதனால் ‘நிலம்’ மட்டமாகிவிட்டதா? பெட்டிக்குள் போனதால் தங்கம் பித்தளையாகாது. அதே நியாயப்படி, பித்தளையும் தங்கமாகாது. 42.2 சதவிகிதத்தைக் காட்டி இலக்கியம் என்று கூத்தாடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கதை கேட்டு ஜனங்கள் உணர்ச்சிவசப்படுவது அந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பழக்கமும் அல்ல. அந்தக் காலத்தில் தெருவில் கதை வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். தலைநகரின் ஜோங்னோ வீதிப் புகையிலைக் கடையில் ஒருவன் கதை வாசித்துக்கொண்டிருந்தான். கதாநாயகன் நொந்து நிற்கும் கட்டம் வந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் வெறிகொண்டு, புகையிலை நறுக்கும் கத்தியால் வாசித்தவனையே வெட்டிக் கொன்றுவிட்டான். யி தோக்-மு இதை எழுதிவைத்திருக்கிறார். 1790-இல் ஜொங்ஜோவும் சபையில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மன்னர் இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதைக்கு அவ்வளவு பலம் உண்டென்றால், கதை எழுதுகிறவன் எத்தனை யோக்கியமாக எழுதவேண்டும் என்ற பயந்தான் வருகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஜொங் உன்-க்வோலின் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகப்போகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். எனக்கும் புகார்கள் உண்டு.

அந்தக் கல்விச்சாலைப் பையன்கள் எல்லோரும் அழகர்கள். ராஜா நல்லவர். சுங்க்யூன்க்வானைச் சுற்றிப் பான்சோன் என்று ஒரு சேரி இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்விச்சாலைக்கு அடிமைப்பட்டவர்கள் அங்கே குடியிருந்தார்கள். மாணவர்களுக்குச் சோறாக்கியதும், மாடறுத்து இறைச்சி விற்று வயிறு வளர்த்ததும் அவர்கள்தான். அந்தச் சேரியிலிருந்து ஒருத்தி ஆண் வேஷம் போட்டுக்கொண்டு புறப்பட்டிருந்தால் கதை என்னவாகியிருக்கும்? பிரபு வம்சத்து ஏழைப் பெண்ணின் வறுமை வாசகருக்கு இதமாக இருக்கிறது. அடிமையின் வறுமை உறுத்தும். ஜனரஞ்சகக் கதை பெரும்பாலும் உறுத்தாத வறுமையைத்தான் தேர்ந்தெடுக்கிறது. என் தொடர்கதைகளிலும் இந்தப் பாவத்தை நான் செய்திருக்கிறேன். வாராவாரம் வாசகர் கடிதத்துக்கு ஏங்குகிறவனுக்கு இந்தச் சபலம் தெரியும்.

தொலைக்காட்சி மீதும் புகார் உண்டு. ‘சூரியனை அணைத்த நிலவு’ நாவலில் வயது வந்த அரசன் மழை நாளில் பெயரற்ற ஒரு பெண்ணைச் சந்திப்பதிலிருந்து கதை நடக்கிறது. அவள் யார், என்ன நடந்தது என்பது முடிச்சு முடிச்சாகப் பின்னால் அவிழ்கிறது. தொடரிலோ முதல் ஆறு பகுதிகளும் குழந்தைப் பருவம். எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிடுகிறார்கள். பார்க்கிறவர் அரசனுக்கு முன்பே எல்லாம் தெரிந்தவராகி அவனுக்காக அழுகிறார். நாவலில் வாசகரும் அரசனோடு சேர்ந்து இருட்டில் தேடுகிறார். அழுவது சுலபம், தேடுவது சிரமம். தொலைக்காட்சி சுலபமானதைத் தேர்ந்துகொண்டது. குழந்தைகள் பிரமாதமாக நடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் இழந்தது இழந்ததுதான்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. இப்போது கொரியாவில் கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக விற்கும் நாவல்கள் பெருகிவிட்டன. அவை சித்திரக் கதையாகின்றன, பிறகு தொடராகின்றன. 2018-இல் வந்த ‘செயலாளர் கிம்’ கதையும் 2022-இல் வந்த ‘பணக்கார வீட்டுக் கடைக்குட்டி’ கதையும் அப்படி வந்தவைதான். நாவலைத் தேடித் தொலைக்காட்சி வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தொலைக்காட்சியைத் தேடி நாவல் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன். எழுதும்போதே ‘இந்த இடத்தில் காமிரா கிட்டே வரும்’ என்று நினைக்கிறவன் நாவல் எழுதவில்லை, விண்ணப்பம் எழுதுகிறான். காமிராவுக்கு அகப்படாத ஒன்று மனித மனத்தில் இருக்கிறது. அதை எழுதத்தான் நாவல் என்ற வடிவம் பிறந்தது. அதை விட்டுக்கொடுத்தால் நமக்கு வேறு பிழைப்பு இல்லை.

இப்படிச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். சேரி எங்கே என்று கேளுங்கள். முடிச்சை ஏன் அவிழ்த்தீர்கள் என்று கேளுங்கள். காமிராவுக்காக எழுதாதே என்று அதட்டுங்கள். இவை விமர்சனம். ‘பெண்கள் அழுகிறார்கள், ஆகவே குப்பை’ என்பது விமர்சனம் அல்ல. அது ஜாதி பார்ப்பது.

1954-இல் அந்த நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். யுத்தம் ஓய்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஜொங் பி-சொக் என்ற நாவலாசிரியர் சியோல் பத்திரிகை ஒன்றில் ‘சுதந்திர மனைவி’ என்று ஒரு தொடர்கதை எழுதினார். பேராசிரியர் ஒருவரின் மனைவி வெளியே வேலைக்குப் போய், நடன மோகத்தில் தடுமாறுகிற கதை. நாடே அதைப் படித்தது. ஹ்வாங் சான்-தொக் என்ற சட்டப் பேராசிரியர் கொதித்தெழுந்தார். அந்த நாவலாசிரியரை ஐந்து லட்சம் சீனச் சிப்பாய்களுக்குச் சமமான தேசத் துரோகி என்கிற அளவுக்கு வசை பாடினார். நாவலாசிரியர் பதில் எழுதினார். வசையைவிட அவரை அதிகமாக வருத்தியது வேறொன்று. கதையைப் படித்துப் பார்க்காமலே இவ்வளவும் எழுதியிருக்கிறீரே என்பதுதான் அவர் கேள்வி.

என் நண்பரிடம் நானும் அதையேதான் கேட்டேன்.

“ஓய், இவருடைய ஒரு கதையையாவது முழுதாகப் பார்த்திருக்கிறீரா?”

“எதற்கு? இரண்டு நிமிஷம் பார்த்தாலே தெரியாதா?”

தெரியாது. இரண்டு நிமிஷத்தில் புடவையின் சாயத்தைத்தான் பார்க்கலாம், நூலைப் பார்க்க முடியாது. வளையலை விற்றவள் புத்தகத்தை முழுதும் படித்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுப் பெண்களும் இருபது பகுதிகளையும் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு கடைசியிலயும் தம்பி பேரிலதானே இருக்கணும்? அவ பேரு என்னாச்சு?” என்று கேட்டார்கள். இதைவிடக் கூர்மையான ஒரு விமர்சனத்தை என் நண்பர் எழுதிக் காட்டட்டும். அப்போது அவர் சிரிப்பதற்கு நான் சம்மதம் தருகிறேன்.